சுண்ணாம்பு அடித்த பள்ளிக்கூடம்

மழைக்காலத்தில் இலங்கை மலைநாட்டுக்குப் போகாதே என்று திருச்சியில் எல்லோரும் சொன்னார்கள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் தீபாவளியை ஒட்டித்தான் நான்கு நாள் சேர்ந்தாற்போல விடுமுறை கிடைக்கும். மழை என்னைக் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. யாராவது போகாதே என்றால் அன்றைக்கே பெட்டி கட்டுகிற குணம் எனக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு. இது தெரிந்த என் கணவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பதுளையில் கணவரின் சித்தப்பா மகன் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தாத்தா காலத்தில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். சனிக்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, எங்கே போகப்போகிறேன் என்று கேட்டார். பூனாகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஞாயிறுதோறும் ஒரு மொழிப் பள்ளிக்கூடம் நடக்கிறது, அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"அந்தப் பக்கமா? இப்பப் போகாதீங்க அண்ணி. ரெண்டு வாரமா வானம் வெளுக்கவே இல்ல. மண்ணெல்லாம் ஊறிப்போய் கெடக்கு."

"நான் என்ன உப்பா, கரஞ்சு போறதுக்கு?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சிரிக்கிற மனிதர். அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது.

"வெளையாட்டு இல்ல அண்ணி. ஒவ்வொரு மழைக்கும் ரேடியோவுல சொல்றாங்க. செவுத்துல புதுசா வெடிப்பு வந்தா, நல்லா மூடிக்கிட்டிருந்த கதவு எறுகிக்கிச்சுன்னா, ஊத்துத் தண்ணி திடீர்னு சேறா வந்தா, அந்த எடத்துல நிக்கவே கூடாதாம். மேல மல நகருதுன்னு அர்த்தம். கையில கெடச்சத எடுத்துக்கிட்டு ஓடிரணும்."

சரி, பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொள்வதற்கு எனக்கு என்ன தெரியும்? காவிரிக் கரையில் பிறந்தவள் நான். எங்கள் ஊரில் மலை என்றால் நடுவில் கோயிலோடு நிற்கும் ஒரு பாறை. அது எங்கேயும் போகாது.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை நடத்துகிறவள் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த பெண். ஏ.எல். வரைக்கும், அதாவது நம் பிளஸ் டூ வரைக்கும், படித்துவிட்டு, கொழும்பில் ஒரு துணிக்கடையில் சில வருடம் நின்று, சிங்களமும் ஆங்கிலமும் பேசப் பழகிக்கொண்டு ஊர் திரும்பியவள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை வாயில் நுழையாது. ஆஸ்பத்திரியில், போலீஸில், அரசாங்க ஆபீஸில் சிங்களம் வராவிட்டால் வாய் இருந்தும் ஊமைதான். கொழுந்து பறிக்கும் தாய்மாருக்குக் காசு கொடுத்து டியூஷன் அனுப்ப வழி கிடையாது. அதனால் இவளே சேர்த்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். திருச்சியில் நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து அவளுக்குப் புத்தகம் அனுப்பி வந்தோம். பிள்ளைகள் கூடிவிட்டார்கள், இன்னொரு அறை கட்டித் தர முடியுமா என்று கேட்டிருந்தாள். யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வரட்டும் என்று முடிவானது. மற்றவர்கள் எல்லோரும் மழைக்குப் பயந்தவர்கள்.

கட்டடம் அவளுடையது இல்லை. பழைய பிள்ளைக்காம்பரா அது. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். தோட்ட நிர்வாகம் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டதும் இது சும்மா கிடந்தது. வகுப்பு நடக்கிறவரை நடத்திக்கொள், ஆள் இல்லாமல் கிடந்தால் உர மூட்டை அடுக்க எடுத்துக்கொள்வோம் என்று ஆபீஸில் வாயால் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சலோடு நடத்தியிருக்கிறாள், அப்பா காரியம் முடிந்த வாரத்திலும் நடத்தியிருக்கிறாள். "ஒரு ஞாயிறு விட்டேன்னா பூட்டுப் போட்ருவாங்க டீச்சர்" என்று போனில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "பூட்டு விழுந்துச்சுன்னா அப்புறம் தெறக்கவே மாட்டாங்க."

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். தெமோதரை தாண்டியதும் மூடுபனி ஜன்னலுக்கு வெளியே இருந்த எல்லாவற்றையும் தின்றுவிட்டது. பண்டாரவளையில் இறங்கி வேறு பஸ் மாறினேன். பாதையோரம் ஒன்றிரண்டு இடத்தில் சிவப்பு மண் சரிந்து தார் ரோட்டில் கிடந்தது. டிரைவர் அதை ஒதுக்கி, பேச்சை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் வேறு யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பூனாகலையில் பஸ் நிற்கும் இடத்தில் அந்தப் பெண் குடையோடு காத்து நின்றாள். சின்ன உருவம், வேக நடை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் ஒரு லைட் கம்பம் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"அது ரொம்ப நாளா அப்புடித்தான் டீச்சர்" என்றவள், என் பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

திருப்பத்தில் லயம் தெரிந்தது. ஒரே கூரைக்குக் கீழே முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள். ஒரு வரிசை வாசல் மலையைப் பார்த்திருக்கும், இன்னொரு வரிசை பள்ளத்தைப் பார்த்திருக்கும். ஒவ்வொரு வாசலிலும் கூரையை இறக்கி ஒரு சின்ன இடம். அதை இஸ்தோப்பு என்கிறார்கள். அவள் வீடும் அந்த லயத்தில்தான். லயத்துக்கு நேர் மேலே, சரிவில், பள்ளிக்கூடம் நின்றது. மழை மேகத்துக்கு அடியில் அது ஒன்று மட்டும் கண் கூசுகிற வெள்ளையாக இருந்தது.

மாலை, பொட்டு, பன்னீர் எல்லாம் தயாராக இருந்தன. மாலை என்றால் எனக்கு எரிச்சல், கழுத்துக்குள் ஈரம் இறங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததும் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாசனை.

"எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க!" என்று பாராட்டினேன். வாசலில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அன்றைக்குப் பாடம் ஆஸ்பத்திரி. அவள்தான் டாக்டர், ரப்பர் குழாய் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு பிள்ளையாக முன்னால் வந்து, வலிக்கிற இடத்தைத் தொட்டு, "மெத்தன ரிதெனவா" என்று சிங்களத்தில் சொல்ல வேண்டும். இங்கே வலிக்கிறது என்று அர்த்தம். ஒரு வாண்டு வயிறு, தலை, முழங்கால், மூக்கு என்று எல்லா இடத்தையும் தொட்டுக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தது. என்னையும் நோயாளியாக்கினார்கள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தப்பும் தவறுமாகச் சொன்னேன். பிள்ளைகள் கூட்டமாகத் திருத்தினார்கள். நான் எத்தனையோ வகுப்பு பார்த்திருக்கிறேன். இப்படி உயிரோட்டமான வகுப்பைப் பார்த்து ரொம்ப வருடமாயிற்று. இவளுக்கு ஒரு அறை இல்லை, நான்கு அறை கட்டிக்கொடுக்க வேண்டும் என்று அப்போதே மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

பதினோரு மணிவாக்கில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பிள்ளைகள் குரலை உயர்த்திக் கத்த வேண்டியிருந்தது. கரும்பலகைக்குப் பக்கத்தில், வெள்ளைச் சுவரில், மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடுவதைக் கண்டேன். தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். நான் உள்ளே வந்தபோது அது அங்கே இருந்ததா என்று யோசித்தேன். இருந்ததாக ஞாபகம் இல்லை.

வெளியே தேநீருக்குக் கூப்பிட்டார்கள். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், சாயத்தண்ணி என்கிற பாலில்லாத தேநீரும். வாசலில் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். வெட்கம் தெளிந்ததும் பேச்சு கிளம்பியது.

"டீச்சர் வாறாங்கன்னு மூணு நாளா எங்களுக்கு இதே வேலைங்க" என்றாள் ஒருத்தி. "தோட்டத்துத் தொர லயம் பாக்க வாறாருன்னா மொத நாளே சுண்ணாம்பு அடிச்சு, சாக்கடைக் கானெல்லாம் வழிச்சு விட்ருவோம். எங்க அம்மா காலத்துல இருந்து அப்புடித்தான். வெளிநாட்டுல இருந்து நீங்க வாறீங்க, ஒங்களுக்குச் செய்யாமலா?"

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"அப்புடிச் சொல்லாதீங்க. இந்தக் கதவு மூடவே இல்லீங்க, எறுகிப் போயி கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரருதான் நேத்து சீவி விட்டாரு. இப்ப ஒத்த வெரல்ல தள்ளுனாப் போதும்."

கையிலிருந்த சாயத்தண்ணியைப் பார்த்தேன். அந்தப் பெண்ணும் அதைத்தான் பார்த்தாள்.

"அது நல்ல தண்ணிங்க, பயப்படாமக் குடிங்க. எங்க ஊத்துப் பீலியில ரெண்டு நாளா சேறாத்தான் வருது. ஒங்களுக்குன்னு அந்தப் பக்கத்து மலைக்குப் போயி கொடத்துல தூக்கிட்டு வந்தோம்."

"செவுரு?" என்று கேட்டேன்.

"அது வெடிச்சிருந்துச்சுங்க, கை நொழையுற அளவுக்கு. களிமண்ணு வச்சு அடைச்சு, மேல சுண்ணாம்பு பூசிட்டோம். தெரியவே இல்லல்ல?"

அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பதுளைக் கடையில் சொன்ன அடையாளம் மூன்றும் இங்கே இருந்தன. மூன்றையும் எனக்கு மரியாதை செய்வதற்காக அடைத்து, சீவி, வேறு தண்ணீர் கொண்டுவந்து மறைத்திருந்தார்கள். விருந்தாளியின் கண்ணில் அழுக்குப் படக்கூடாது என்று செய்த வேலை, அங்கே இருக்கிறவர்கள் கண்ணிலும் எதுவும் படாமல் செய்துவிட்டது. ஆபத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பார்க்க ஆள் வருகிறது என்றால் முதலில் சுண்ணாம்பு வாளியைத் தேடுகிற பழக்கம் அவர்கள் கையிலேயே ஊறியிருந்தது.

எழுந்து உள்ளே போனேன். அந்தக் கோடு இப்போது அகன்றிருந்தது. நகத்தை வைத்தேன், உள்ளே போனது. பாடம் நடத்துகிறவள் வந்து எனக்கும் சுவருக்கும் நடுவில் நின்றாள். அப்போதுதான் உறைத்தது: வகுப்பு நடந்த நேரம் முழுக்க அவள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

"ஒனக்கு இது தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சுகிட்டா இத்தன பிள்ளைங்கள உள்ள ஒக்கார வச்சிருக்க? புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?"

கத்திவிட்டேன். பிள்ளைகள் அடங்கிப்போனார்கள். அவள் குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"எல்லா மழைக்கும் கொஞ்சம் வெடிக்கும் டீச்சர், அப்புறம் நின்னுரும். இன்னைக்குக் கிளாஸ் இல்லன்னு வெளிய எறக்குனா, நாளைக்கு ஆபீஸ்ல இருந்து பூட்டோட வந்துருவாங்க. அதுக்கப்புறம் இதுங்கள நான் எங்க வச்சுச் சொல்லிக்குடுக்க? இதுங்களும் எங்க அம்மா மாதிரி டாக்டருக்கு முன்னால முழிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

"பூட்டு விழுந்தா என்னைக்காவது தெறக்கலாம். மல விழுந்தா?"

கூரையில் மழை கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள்; எண்ணுகிறாளோ என்று தோன்றியது. கண் கலங்கியிருந்தது. பிறகு கையைத் தட்டி, சிங்களத்தில் எழுந்திருக்கச் சொன்னாள். பாடம்தான் என்று நினைத்துப் பிள்ளைகள் சேர்ந்து எழுந்தார்கள். "எல்லாரும் வரிசையா கோயிலுக்கு. ஓடக்கூடாது, தள்ளக்கூடாது" என்றாள். கோயில் அந்தப் பக்கத்து மேட்டில், சமமான இடத்தில் இருந்தது. கடைசியாக அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் மீதிப் பாடம் நடந்தது. நான் தூணில் சாய்ந்துகொண்டு, பனிக்குள் மறைந்தும் தெரிந்தும் கிடந்த அந்த வெள்ளைக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது போகும், இப்போது போகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் மழை விட்டதும் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பாவம், இந்த அம்மா பயந்துவிட்டார் என்று அவர்களுக்கு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

அன்று பண்டாரவளையில் தங்கிவிட்டு, மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஆபீஸுக்குப் போனேன். அவளுக்கு இஷ்டமில்லை. "அவங்ககிட்டப் போகவேணாம் டீச்சர்" என்று வழி நெடுகச் சொன்னாள். நான் பேசுகிறேன், நீ சும்மா வா என்றேன். கட்டடம் ஆபத்து என்று நானே சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக வேறு இடம் வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு. எத்தனையோ கல்வி அதிகாரிகளை மடக்கியவள் நான் என்ற திமிர் வேறு.

பெரிய கிளார்க் எழுந்து நின்று வரவேற்றார். பீங்கான் கோப்பையில் பால் தேநீர் வந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"சொன்னது ரொம்ப நல்லதுங்க. சின்னப் பிள்ளைங்க விஷயம், ரிஸ்க் எடுக்க ஏலாது. இன்னைக்கே மூடிருவோம்."

நான் தேநீரைக் குடித்து முடிக்கும்போது, ஒரு ஆள் பூட்டையும் சிவப்பில் 'ஆபத்து' என்று எழுதிய பலகையையும் எடுத்துக்கொண்டு ஜன்னலைத் தாண்டிப் போனார். வேறு இடம் என்று ஆரம்பித்தேன். இப்போதைக்கு இடம் இல்லை, பார்க்கலாம் என்றார்.

"அதுக்கு நேர் கீழதானே லயம்? மேல இருக்கிற கட்டடம் ஆபத்துன்னா, கீழ படுத்திருக்கிற சனங்களுக்கு?"

அவர் பேனாவை மேசையில் வைத்தார். கோபப்படவில்லை, ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்.

"அது வேறங்க. அது ஆளுங்க இருக்கிற எடம். அங்க ஆபத்துன்னு பலகை அடிச்சா, அவங்கள எங்க கொண்டுபோய் வைக்கிறது? வீட்டுத் திட்டம் வரும், அப்ப பாப்போம்."

நான் சும்மா இருக்கவில்லை. சத்தம் போட்டேன், மேசையைத் தட்டினேன், மேலே எழுதுவேன் என்றேன். எழுதுங்க, நல்லது என்றார். ஆள் இல்லாத கட்டடத்தைப் பூட்டுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. இருபது குடும்பம் தூங்குகிற கட்டடத்தைப் பற்றி அவர்களிடம் ஒரு பேச்சும் இல்லை.

இறங்கி வரும்போது அவள் என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் முன்னால் நடந்துகொண்டே, "அடுத்த ஞாயித்துக்குள்ள எடம் பாக்கணும் டீச்சர்" என்றாள். கோயில் மண்டபம் இருக்கிறதே என்றேன்.

"பெரிய பொம்பளப் பிள்ளைங்க எல்லா ஞாயிறும் கோயிலுக்குள்ள வர முடியாதுல்லீங்களா? மாசத்துல ஒரு ஞாயிறு வராம நின்னாங்கன்னா அடுத்த ஞாயிறு வீட்டுல விட மாட்டாங்க. அதோட அதுங்க படிப்பு போச்சு."

பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். அவள் குடையை மடக்கிக்கொண்டு கையசைத்தாள்.

திருச்சிக்கு வந்த பிறகு நாங்கள் கூடிப் பேசினோம். கட்ட இடமே இல்லாதபோது அறை எங்கே கட்டுவது என்று பேச்சு அதோடு நின்றது. நான் சொன்னபடி மேலே எழுதினேன், ஒரு பதிலும் இல்லை. கார்த்திகையில் இலங்கைப் பக்கம் மறுபடியும் மழை கட்டிக்கொண்டது. காலையில் எழுந்ததும் போனில் பதுளை மழையைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கணவரின் தம்பிக்குப் போன் போட்டால், இங்கே பஜாரிலேயே முழங்கால் தண்ணி அண்ணி என்பார். அவளுக்குப் போட்டால் லைன் கிடைக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளே கூப்பிட்டாள். பின்னால் மழை இரைச்சல், அதற்கு மேலே பிள்ளைகள் கூட்டமாக ஏதோ சொல்லும் சத்தம். உயிரே வந்த மாதிரி இருந்தது எனக்கு.

"டீச்சர், ஒரு ஞாயிறு கூட விடலீங்க!" என்று கத்தினாள். "பிள்ளைங்க முன்னவிடக் கூடிருச்சு. பெரிய பிள்ளைங்களும் வந்துருதுங்க. ஒங்ககிட்ட சொல்லணும்னு எத்தன நாளா லைனுக்குக் காத்துக்கிட்டிருந்தேன்."

"ரொம்ப சந்தோஷம்மா. எடம் எங்க கெடச்சுச்சு?"

"எடமெல்லாம் யாரு குடுக்குறா? எங்க வீட்டு இஸ்தோப்புலதான். பக்கத்து வீட்டுக்காரங்களும் அவங்க இஸ்தோப்ப விட்டுக்குடுத்துட்டாங்க. ரெண்டையும் சேத்துட்டோம்."

லயத்தில் எந்தப் பக்கத்து இஸ்தோப்பு என்று கேட்டேன்.

"மலப் பக்கம் டீச்சர்" என்றாள் சந்தோஷமாக. "அங்கதான் சாரல் அடிக்காது."